ஆறக் கூடாத புண்

மருத்துவம் என்பது புண்ணை ஆற்றும் கலை என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். கத்தி பட்ட இடம் கூடி, தையல் பிரித்து, தழும்பு மட்டும் எஞ்சினால் வைத்தியம் முடிந்தது. நோயாளி வீட்டுக்குப் போகலாம். இந்தப் பொது வழக்குக்கு நேர் எதிராக நிற்கும் அறுவை ஒன்று உண்டு. கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய்க்குச் செய்யப்படும் வடிகால் அறுவையே அது. அங்கே புண் முழுமையாக ஆறிவிட்டால் அறுவை தோற்றுவிட்டது என்று பொருள். ஆறாமலே கிடந்தாலும் ஆபத்து. அரைகுறையாக ஆறி, அந்த அரைகுறை நிலையிலேயே நோயாளியின் ஆயுள் முழுக்க அது நிற்க வேண்டும். உடலிடம் இப்படியொரு வேண்டுகோளை வைத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவர்கள் மன்றாடி வருகிறார்கள். அந்த மன்றாட்டின் கடினமான அத்தியாயங்களில் ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவில் எழுதப்பட்டது. அதைப் பற்றியே இங்குச் சொல்ல முனைகிறோம்.

தமிழில் வடு என்ற சொல் தழும்பையும் குறிக்கும், பழியையும் குறிக்கும். புறப்பாடல்களின் உலகில் மார்பில் பட்ட புண் விழுப்புண். அதன் தழும்பு வீரனுக்கு அணி. முதுகில் பட்டதோ பழி. ஒரே தசைதான், ஒரே குருதிதான். தழும்பு விழுந்த இடம்தான் அதன் பொருளைத் தீர்மானிக்கிறது. நாம் சொல்லப் போகும் கதையிலும் ஏறத்தாழ அப்படித்தான். வேறெங்கும் நலம் என்று கொண்டாடப்படும் தழும்பு, கண்ணின் மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடத்தில் விழுந்தால் குருடாக்கிவிடும்.

முதலில் நோயைப் பற்றிச் சில வரிகள். கண்ணின் முன்னறைக்குள் நீர் போன்ற ஒரு திரவம் ஓயாமல் சுரந்துகொண்டிருக்கிறது. நிமிடத்துக்கு இரண்டு மூன்று மைக்ரோலிட்டர். அதாவது ஒரு சொட்டுச் சேர ஏறக்குறைய கால் மணி நேரம் பிடிக்கும். இது கண்ணீர் அன்று. கண்ணீர் வெளியே வழிவது. இது உள்ளேயே சுரந்து, கருவிழியின் ஓரத்தில் உள்ள சல்லடை போன்ற திசு வழியாக வடிந்து, குருதியோடு கலந்துவிடுவது. சல்லடை அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. பத்து முதல் இருபத்தொன்று மில்லிமீட்டர் பாதரசம் வரை இயல்பு என்பது பொதுக்கணக்கு. முப்பது, நாற்பது என்று ஏறும்போது பின்னால் இருக்கும் பார்வை நரம்பின் இழைகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. வலி இல்லை. சிவப்பு இல்லை. பார்வையின் விளிம்புகள் முதலில் போகின்றன. நடுப்பார்வை கடைசிவரை நிற்கிறது. எதிரில் நிற்பவர் முகம் தெரிகிறது, பக்கத்தில் வரும் வண்டி தெரிவதில்லை. நடுவும் மங்கத் தொடங்கியபின் மருத்துவரிடம் போனால், இழந்ததில் ஒரு நூலிழையைக் கூட அவரால் திருப்பித் தர முடியாது. கண்புரைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுவே. புரையை எடுத்தால் பார்வை திரும்பும். இந்நோயில் எஞ்சியிருப்பதைக் காப்பாற்றுவது மட்டுமே சிகிச்சை. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும், பிறகு தேவைப்படும்.

*

வடிகால் அறுவையின் வரலாறு பெர்லினில் தொடங்குகிறது. 1857இல் ஆல்பிரெக்ட் ஃபான் கிராஃபே, கருவிழித் திரையின் ஒரு துண்டை வெட்டி எடுத்தால் கண் அழுத்தம் தணிகிறது என்று அறிவித்தார். நாற்பத்திரண்டு வயதில் மறைந்துபோன அந்த மேதையின் அறுவை, திடீரென்று வலியோடு வரும் கிளாக்கோமாவுக்கு அருமருந்தாயிற்று. சத்தமில்லாமல் வரும் வகைக்கோ பெரிதும் பயன்படவில்லை. ஆனால் சில கண்களில் வெட்டுவாய் சரியாகக் கூடாமல், தழும்பின் வழியே நீர் கசிந்து, வெண்விழியின் மேல் போர்த்தியிருக்கும் மெல்லிய படலத்தின் அடியில் சிறு கொப்புளமாகத் தேங்கியது. கெட்டுப்போன தையல் என்று எண்ணத்தக்க அந்தக் கண்களிலேதான் அழுத்தம் நன்றாகக் குறைந்திருந்தது. பிழையே வழியைக் காட்டியது. கசியும் தழும்பை வேண்டுமென்றே உண்டாக்கினால் என்ன என்ற கேள்வி அடுத்த ஐம்பது ஆண்டுகள் ஐரோப்பாவின் கண் மருத்துவர்களை ஆட்டிப் படைத்தது.

அந்தக் கேள்விக்கு ஒரு விடை நம் எழும்பூரிலிருந்து போயிற்று. 1819இல் தொடங்கப்பட்ட சென்னை அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், 1909இல் ஒரு வழியைக் கையாளத் தொடங்கினார். சிறு வட்டக் கத்தியால் கருவிழியும் வெண்விழியும் சேரும் விளிம்பில் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் அகலத் துளையிடுவது. அதன்மேல் மெல்லிய படலத்தை மட்டும் போர்த்திவிடுவது. கிளாஸ்கோவில் ஃபெர்கஸ் என்பவரும் அதே ஆண்டில் இதையொத்த ஒன்றைச் செய்தார். எலியட் 1913இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். உலகெங்கும் எலியட் துளை என்ற பெயரில் அது பரவி அரை நூற்றாண்டுக் காலம் கோலோச்சியது. (இந்த எலியட் ஓய்வுபெற்று லண்டன் சென்றபின் மந்திரவாதிகள் சங்கமான மேஜிக் சர்க்கிளின் குழுவொன்றுக்குத் தலைவராகி, இந்தியக் கயிற்று வித்தையை மெய்ப்பித்துக் காட்டுவோருக்கு 1934இல் ஐந்நூறு கினி பரிசு அறிவித்ததும், அந்தப் பரிசு கடைசிவரை எவருக்கும் கொடுக்கப்படாததும் வேறு கதை. கண்ணையே தொழிலாகக் கொண்டவருக்குக் கண்கட்டு வித்தையில் நாட்டம் பிறந்தது வியப்பன்று.)

எலியட் துளையில் ஒரு குறை இருந்தது. நீர் தடையின்றிப் பாய்ந்ததால் மேலே எழும் கொப்புளத்தின் சுவர் வெங்காயச் சருகுபோல் மெலிந்துவிடும். சில நாட்கள் அன்று, சில ஆண்டுகள் கழித்துக்கூட அந்தச் சருகு கிழியும். வெளியிலிருக்கும் கிருமி உள்ளே புகும். நன்றாக இருந்த கண் ஓரிரு நாளில் சீழ் பிடித்துப் போய்விடும். 1968இல் கேம்பிரிட்ஜின் ஜான் கெய்ர்ன்ஸ் அறிவித்த ட்ராபெகுலெக்டமி இதற்கு மாற்றாக வந்தது. துளை அதே துளைதான். ஆனால் அதன்மேல் வெண்விழியின் பாதிப் பருமனில் ஒரு மூடி. கதவை முழுக்கத் திறந்து வைக்காமல் ஒருக்களித்து வைப்பது போன்ற ஏற்பாடு. கெய்ர்ன்ஸ், வெட்டுண்ட கால்வாயின் முனைகள் வழியாக நீர் உள்ளுக்குள்ளேயே வடியும் என்று கருதியே இதை அமைத்தார். உண்மையில் நீர் மூடியின் ஓரங்களில் கசிந்து மேலேதான் வந்தது. தவறான கொள்கையில் பிறந்த சரியான அறுவை. இன்றும் உலகம் முழுவதும் செய்யப்படுவது அதன் வழிவந்ததே.

மூடி வந்ததும் சீழின் அச்சம் குறைந்தது. அதுவரை துளையின் வேகத்தில் அடங்கிக் கிடந்த பழைய எதிரி தலை தூக்கிற்று. தழும்பு. நீர் மெதுவாகக் கசியும் இடத்தில் உடலின் நார்ச்செல்களுக்கு நிதானமாக வேலை செய்ய நேரம் கிடைக்கிறது. அவை பெருகி, நார் பின்னி, மூடியை அடித்தளத்தோடு ஒட்டிவிடுகின்றன. வெட்டின இடம் அழகாகக் கூடிவிடுகிறது. அழுத்தம் மறுபடி ஏறுகிறது.

*

தழும்பு எல்லாரிடமும் ஒரே விதமாக விழவில்லை என்பது 1970களிலேயே தெரிய வந்தது. கறுப்பின நோயாளிகளிடம் இந்த அறுவை வெள்ளையரிடம் பலித்த அளவு பலிக்கவில்லை என்று ஆப்பிரிக்காவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் செய்திகள் வந்தன. ஏன் என்ற கேள்விக்கு எளிய விடை ஒன்று தயாராக இருந்தது: அது அவர்கள் தோலின் இயல்பு. கீலாய்டு எனப்படும் தடித்த தழும்பு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் மிகுதி என்பதை எடுத்துக்காட்டி, கண்ணிலும் அதுவே நடக்கிறது என்றார்கள். நமக்கு இந்த விடை ஐயத்துக்குரியது. தோலின் அடியில் நடப்பதையும் கண்ணின் மெல்லிய படலத்தில் நடப்பதையும் ஒன்றாக்குவது அவசர முடிவு. ஒரு நாட்டின் தோல்வியை அந்நாட்டாரின் உடம்பின் மேல் ஏற்றிவிட்டால், மருத்துவமனையின் தொலைவையும் மருந்தின் விலையையும் பற்றிப் பேச வேண்டியதில்லை என்ற வசதியும் அதில் ஒளிந்திருக்கிறது.

ஆயினும் உடம்பில் ஒன்றுமே இல்லை என்று சொல்வதும் நேர்மையன்று. லண்டனில் பிராட்வே முதலியோர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், கறுப்பின நோயாளிகளின் கண் மேற்படலத்தில் நார்ச்செல்களும், புண்ணாறும் வேலையைத் தூண்டும் வேறு சில செல்களும் மிகுதியாக இருப்பதைக் கண்டார்கள். அதே குழுவினர் அதே ஆண்டில் காட்டிய வேறொன்றும் உண்டு: பல ஆண்டுகள் தொடர்ந்து சொட்டு மருந்து விட்ட கண்களிலும் இத்தகைய மாற்றம் ஏற்படுகிறது, அவற்றில் அறுவை தோற்பதும் கூடுதல். லண்டனில் இவ்விரண்டு காரணங்களைப் பிரித்துப் பார்ப்பது எளிதன்று. மேற்கு ஆப்பிரிக்காவிலோ நிலைமை வேறு. அங்கே பெரும்பாலான நோயாளிகள் சொட்டு மருந்தைக் காணாமலே கத்தியின் முன் வந்து அமர்ந்தார்கள். மருந்து மாதாமாதம் வாங்க வேண்டும், வாழ்நாள் முழுதும் வாங்க வேண்டும். கைப்பணத்தில் வாங்க வேண்டும். ஒரே முறை செய்து முடிக்கும் அறுவை அங்கே கடைசி வழியாக இல்லை, முதல் வழியாகவே இருந்தது. ஆகவே அங்கிருந்து வரும் விடைக்குத் தனி மதிப்பு உண்டு.

மேற்கு ஆப்பிரிக்கா என்று அழுத்திச் சொல்வதற்கு வேறு காரணமும் இருக்கிறது. உலகில் இந்நோய் மிகுதியாகக் காணப்படும் மக்கள் அப்பகுதியினரும், அடிமை வாணிபத்தில் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் இழுத்துச் செல்லப்பட்ட அவர்களின் வழித்தோன்றல்களும்தாம். பார்படோஸ் தீவில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட கறுப்பின மக்களிடம் நடந்து 1994இல் வெளியான கணக்கெடுப்பில் நூற்றுக்கு ஏழு பேருக்கு இந்நோய் இருந்தது. கானாவின் துறைமுக நகரான தேமாவில் நடந்து 2013இல் வெளியான கணக்கெடுப்பில் நூற்றுக்கு 6.8. முந்நூறு ஆண்டுகளும் ஒரு மாக்கடலும் இடையில் கிடக்க, எண்கள் மட்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. பால்டிமோர் நகரில் 1991இல் வெளியான ஆய்வு, கறுப்பினத்தவரிடம் இந்நோய் வெள்ளையரைவிட நான்கைந்து மடங்கு என்றது.

*

தழும்பைத் தடுக்கும் மருந்துகள் கண்ணுக்காகப் பிறந்தவை அல்ல. இரண்டுமே புற்றுநோய்க்காகப் பிறந்தவை. 1957இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் சார்ல்ஸ் ஹைடல்பெர்கர், புற்றுக்கட்டிகள் யுராசில் என்ற பொருளை ஆவலோடு உட்கொள்வதைக் கவனித்து, அந்த யுராசிலில் ஒரு ஃப்ளூரின் அணுவைப் பொருத்தி ஏமாற்றுச் சோறு ஒன்றைச் சமைத்தார். அதை உண்ட செல் தன் மரபுப்பொருளைப் படியெடுக்க முடியாமல் திண்டாடும். அதுதான் ஃபைவ்-ஃப்ளூரோயுராசில். மற்றொன்று மண்ணிலிருந்து வந்தது. ஜப்பானில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண்நுண்ணுயிர்களை ஆராய்ந்தவர்கள் 1956இல் மைட்டோமைசினையும், 1958இல் அதன் சி வகையையும் பிரித்தெடுத்தார்கள். நீலமும் ஊதாவும் கலந்த நிறமுடையது. மரபுப்பொருளின் இரண்டு இழைகளையும் ஒன்றோடொன்று கட்டிப் போட்டுவிடும். செல் பிளவுபடவே முடியாது. ஃப்ளூரோயுராசில் செல்லைச் சில நாள் மயக்கி வைக்கிறது என்றால் மைட்டோமைசின் அதன் வம்சத்தையே அறுக்கிறது.

கட்டுக்கடங்காமல் பெருகும் செல்லைத் தடுக்கும் மருந்து, தழும்பு பின்னும் நார்ச்செல்லையும் தடுக்கும் அல்லவா? 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஃப்ளூரோயுராசிலையும் தைவானில் சென் என்பவர் மைட்டோமைசினையும் இவ்வகையில் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 1989இல் வெளியான அமெரிக்கப் பெருஞ்சோதனை ஒன்று ஃப்ளூரோயுராசில் பயன் தருவதை நிறுவியது. ஆனால் அதைச் செலுத்திய முறையைப் பாருங்கள்: அறுவைக்குப் பின் முதல் வாரம் நாளுக்கு இரண்டு ஊசி, இரண்டாம் வாரம் நாளுக்கு ஒன்று. ஆக இருபத்தொன்று ஊசிகள், அதுவும் கண்ணின் படலத்துக்கு அடியில். மயாமியிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் இது நடக்கலாம். சந்தை நாளில் லாரி ஏறி வந்து, உறவினர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும் கானா நாட்டு விவசாயிக்கு இருபத்தொன்று ஊசி என்பது இல்லை என்ற சொல்லின் நீண்ட வடிவம்.

ஆகவே மேற்கு ஆப்பிரிக்கச் சோதனைகளின் முதன்மை, எந்த மருந்து என்பதில் மட்டுமன்று, எப்படி என்பதிலும் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த பீட்டர் எக்பர்ட், கானாவின் மருத்துவர்களோடு சேர்ந்து செய்து 1993இல் வெளியிட்ட ஆய்வு, மருந்தை ஊசியாகத் தராமல் அறுவை மேசையிலேயே, ஒரே முறை வைக்கும் முறையைச் சோதித்தது. மருந்தில் நனைத்த சிறு பஞ்சை மூடி வெட்டும் இடத்தில் வைத்து, சில நிமிடம் பொறுத்து, எடுத்துவிட்டு, உப்புநீரால் நன்றாகக் கழுவுவது. அவ்வளவே. நோயாளி மறுபடி வந்தாலும் வராவிட்டாலும் மருந்தின் வேலை முடிந்தது. மருந்து வைத்த கண்களில் அறுவை கூடுதலாகப் பலித்தது. 1997இல் குல்தேவ் சிங்கும் எக்பர்ட்டும் மற்றவர்களும் அடுத்த படியாக இரண்டு மருந்துகளையும் மேற்கு ஆப்பிரிக்க நோயாளிகளிடம் எதிரெதிர் நிறுத்தினார்கள். அழுத்தத்தைக் குறைப்பதில் மைட்டோமைசின் முந்தியது. நைஜீரியாவில் மீல்கே, தாவ்தா, ஆனந்த் ஆகியோர் 2001 முதல் 2006 வரை அடுத்தடுத்து வெளியிட்ட ஆய்வுகள் முற்றிய நோயில் அறுவையின் பலனையும், ஒருமுறை வைக்கும் ஃப்ளூரோயுராசிலையும், கண்ணைத் துளைக்காமல் ஆழமாகச் செதுக்கி மட்டும் விடும் வேறோர் அறுவையையும் பரிசோதித்தன. அந்தச் செதுக்கல் அறுவையோடு குறைந்த அளவு மைட்டோமைசினைச் சேர்த்தும் சொல்லும்படியான வேறுபாடு தென்படவில்லை. கண்டத்தின் மறுகோடியில், கென்யாவில் யார்ஸ்டனும் கோவும் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வு ஃப்ளூரோயுராசிலுக்குச் சாதகமாக முடிந்தது. தென்னாப்பிரிக்காவில் மருந்துக்கு மாற்றாகக் கதிர்வீச்சைச் சில விநாடிகள் காட்டிப் பார்த்தார்கள். 450 பேரிடம் நடந்து 2006இல் வெளியான அச்சோதனையில், ஓராண்டில் அறுவை தோற்கும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பதிலிருந்து ஐந்தாக இறங்கியது. கண்புரை மட்டும் கதிர்வீச்சுப் பெற்றவர்களுக்குக் கூடுதலாக வந்தது.

இத்தனை ஆய்வுகளையும் வரிசையாக வைத்துப் பார்க்கையில் நமக்குப் புலப்படுவது இது. 1970களில் கறுப்பினக் கண்ணில் இந்த அறுவை பலிக்காது என்று முணுமுணுக்கப்பட்ட தீர்ப்பு, ஐந்து நிமிடப் பஞ்சுக்கு முன்னால் நிற்கவில்லை. இயல்பு என்று சொல்லப்பட்டதில் பெரும்பகுதி தடுக்கக் கூடியதாகவே இருந்தது.

*

இங்கே நிறுத்தினால் வெற்றிக் கதையாகிவிடும். எலியட்டின் வெங்காயச் சருகை நாம் மறக்கலாகாது. மைட்டோமைசின் தொட்ட இடத்தில் நார்ச்செல்கள் மட்டும் சாவதில்லை. அங்கே குருதி நாளங்களும் வற்றிவிடுகின்றன. கொப்புளம் வெளிறி, மெலிந்து, சில கண்களில் பழைய எலியட் துளையின் கொப்புளத்தைப் போலவே ஆகிவிடுகிறது. நீர் அளவுக்கு மீறி வடிந்தால் கண் காற்றிறங்கிய பந்துபோல் தளர்ந்து, விழித்திரையின் நடுப்பகுதி சுருக்கம் விழுந்து பார்வை குலையும். இந்தத் தளர்ச்சியின் அபாயம் மேற்கு ஆப்பிரிக்க நோயாளிகளுக்கு எவ்வளவு என்பதையே பொருளாக்கிச் சிங் முதலியோர் 1998இல் தனிக்கட்டுரை எழுத வேண்டியிருந்தது. கொப்புளம் கசிந்தால் கிருமி. அது அடுத்த மாதம் வரலாம். ஐந்தாம் ஆண்டும் வரலாம். 1909க்கும் 1990களுக்கும் இடையில் மருத்துவம் ஒரு வட்டம் அடித்து வந்திருக்கிறது: துளையில் கசிவு, அதை அடக்க மூடி, மூடியில் தழும்பு, அதை அடக்க நஞ்சு, நஞ்சில் மறுபடி கசிவு.

பணக்கார நாடுகளில் இதற்கு வழி உண்டு. லண்டனின் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனையில் பெங் கோவும் கூட்டத்தாரும் மருந்தைச் சிறு புள்ளியாக வைக்காமல் அகலமாகப் பரப்பி வைத்து, வெட்டுவாயின் திசையையும் மாற்றி, கொப்புளம் பரந்து தாழ்ந்து அமையும்படி செய்தார்கள். அறுவைக்குப் பின் லேசரால் தையலை ஒவ்வொன்றாகத் தளர்த்தலாம். ஊசியால் தழும்பைக் கிளறி விடலாம். கண் சிவந்தால் அன்றே ஓடி வந்து காட்டலாம். ட்ராபெகுலெக்டமியில் பாதி வேலை மேசையில், பாதி வேலை அடுத்து வரும் வாரங்களில் என்று தேர்ந்த மருத்துவர்கள் சொல்வார்கள். அந்த இரண்டாம் பாதிதான் மேற்கு ஆப்பிரிக்காவில் கிடைக்காதது. இங்கேதான் இக்கட்டு. மறுபடி வர முடியாத நோயாளிக்கு ஒரே முறையில் முடிந்துவிடும் வலிமையான மருந்து வேண்டும். வலிமையான மருந்து பெற்ற கண்ணையோ ஆயுள் முழுக்கக் கண்காணிக்க வேண்டும். மென்மையான மருந்தைக் கொடுத்தால் தழும்பு விழும், நரம்பு மெல்லச் சாகும். வலிய மருந்தைக் கொடுத்தால் தழும்பு விழாது; என்றோ ஒரு நாள் காலையில் கண் சிவந்து, அருகில் மருத்துவமனை இல்லாத ஊரில் இரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிடலாம். எந்த இழப்பைத் தேர்வது என்பது ஆய்வுக்கூடத்தில் தீராத கேள்வி. பேருந்து எத்தனை மணிக்கு வரும் என்பதையும் சேர்த்துத்தான் அதற்கு விடை சொல்ல வேண்டும்.

ஆய்வுக் கட்டுரைகளில் வெற்றி என்ற சொல் வருமிடமெல்லாம் நாம் சற்று நின்று படிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அங்கே வெற்றி என்பது அழுத்தம் இத்தனை மில்லிமீட்டருக்குக் கீழ் இறங்கியது என்பது. சில கட்டுரைகளில் எல்லை இருபத்தொன்று, சிலவற்றில் பதினெட்டு, சிலவற்றில் பதினைந்து. எல்லைக் கோட்டை நகர்த்தினால் வெற்றியின் சதவீதமும் நகரும். முற்றிய நோயில் இருபத்தொன்று போதாது, பதினைந்துக்குக் கீழே இறங்கினால்தான் எஞ்சிய நரம்பு தப்பும் என்பதே பலர் கருத்து. மேற்கு ஆப்பிரிக்காவில் வருபவர்களில் மிகப் பலர் முற்றிய நிலையில் வருபவர்கள்.

நோயாளியின் அகராதியிலோ வெற்றி என்பதற்குப் பொருளே வேறு. முன்பு சொன்ன வேறுபாட்டுக்கு இப்போது வருவோம். ஓர் ஊரிலிருந்து இருவர் கண் மருத்துவமனைக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குக் கண்புரை. கட்டுப் பிரித்ததும் பேரக்குழந்தையின் முகம் பார்த்துச் சிரித்தபடி ஊர் திரும்புகிறார். மற்றவருக்குக் கிளாக்கோமா. அவருக்கும் கட்டுப் பிரிக்கிறார்கள். போகும்போது எவ்வளவு தெரிந்ததோ அவ்வளவே தெரிகிறது. சில வாரம் சற்றுக் குறைவாகவே தெரிகிறது. மருத்துவர் மகிழ்கிறார்: அழுத்தம் பன்னிரண்டு. ஊரார் கேட்கிறார்கள்: காசு கொடுத்துக் கண்ணை வெட்டிக்கொண்டாயே, என்ன கண்டாய்? அடுத்து அந்த ஊரிலிருந்து கிளாக்கோமா அறுவைக்கு எவர் போவார்? நைஜீரியாவிலும் கானாவிலும் இந்த அறுவையை ஏற்போர் குறைவு என்பதற்கு அங்குள்ள மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் காரணங்களில் இது ஒன்று. அறியாமை என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. நமக்கோ, அந்த ஊராரின் கேள்வியில் ஒரு நியாயம் இருப்பதாகவே படுகிறது. வராமல் போன குருட்டுத்தனத்தை எவர் கண்ணால் பார்க்க முடியும்?

வடநைஜீரியாவில் ஊசியால் புரையைக் கண்ணுக்குள் தள்ளிவிடும் நாட்டு வைத்தியர்கள் நம் காலம்வரை தொழில் செய்து வந்திருப்பதையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். அவர்கள் கை பட்டபின் பல கண்கள் கெட்டுப் போகின்றன. சிலவற்றில் கிளாக்கோமாவே வருகிறது. ஆயினும் அவர்கள் வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். தள்ளிய மறுகணம் ஏதோ ஒன்று தெரிகிறது. காணும் பயன் என்ற ஒன்றில் அவர்கள் ட்ராபெகுலெக்டமியை வென்றுவிடுகிறார்கள்.

*

எக்பர்ட் 2002இல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் மேற்கு ஆப்பிரிக்கக் கிளாக்கோமாவைப் புறக்கணிக்கப்பட்ட சிக்கல் என்று தலைப்பிட்டே எழுதினார். அப்பகுதியைப் பீடித்த இன்னொரு கண் நோயான ஆற்றுக் குருட்டுத்தன்மைக்கு எதிராக 1974 முதல் 2002 வரை பல நாடுகள் சேர்ந்து பெருந்திட்டம் நடத்தின. ஆற்றோரத்து ஈயைக் கொல்ல ஹெலிகாப்டரிலிருந்து மருந்து தெளிக்கலாம். புழுவை அடக்க ஆண்டுக்கொரு மாத்திரை கொடுக்கலாம். கிளாக்கோமாவுக்கு ஈயுமில்லை, புழுவுமில்லை. ஒவ்வொரு கண்ணாக உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

அண்மைக் காலத்தில் கத்தியைத் தவிர்க்கும் வழிகள் ஆப்பிரிக்காவில் சோதிக்கப்பட்டு வருகின்றன. கண்டத்தின் கிழக்கே, தான்சானியாவின் கிளிமஞ்சாரோ பகுதியில் நடந்து 2021இல் வெளியான ஒப்பீட்டில், சல்லடைத் திசுவின் மேல் லேசர் காட்டிய கண்களில் நூற்றுக்கு அறுபத்தொன்றும், டிமோலால் சொட்டு மருந்து பெற்ற கண்களில் நூற்றுக்கு முப்பத்தொன்றும் ஓராண்டின் முடிவில் குறித்த இலக்கை எட்டியிருந்தன. தழும்பையே பொருட்படுத்தாமல், சிலிகோன் குழாயும் தகடும் பொருத்தி நீரைக் கண்ணின் பின்புறத்துக்குக் கொண்டுபோகும் முறையும் உண்டு. அவ்வகைக் கருவியொன்றை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப் குறைந்த விலையில் செய்து வருகிறது. எழும்பூரிலிருந்து எலியட் துளை போன வழியில் இது இரண்டாவது.

ஆனால் துளையோ குழாயோ லேசரோ, நோயாளி வந்து அமர்ந்த பிறகுதான் அவற்றுக்கு வேலை. 2005 முதல் 2007 வரை நைஜீரியா முழுவதும் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், நாற்பது வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ இருபதில் ஒருவருக்குக் கிளாக்கோமா இருந்தது. அவர்களில் ஐந்தில் ஒருவர் ஏற்கெனவே பார்வையற்றவர். தமக்கு இந்நோய் உண்டென்று முன்பே கண்டறியப்பட்டிருந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை. கானாவின் தேமா, சாலையும் மின்சாரமும் மருத்துவமனையும் உள்ள துறைமுக நகரம். அங்கே நோய் கண்டவர்களிடம், இப்படியொரு நோய் உமக்கு இருப்பது தெரியுமா என்று கேட்டபோது, தெரியும் என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 3.3.